மீன் பொறுக்கப் போனவர்களின் கதை

தம்பியின் மகனுக்குப் பதின்மூன்று வயது. படிப்பில் கெட்டிக்காரன். ஒரு விடுமுறை நாள் மாலை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து புவியியல் பாடத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். சுனாமி என்பது ஜப்பானியச் சொல், துறைமுக அலை என்பது அதன் பொருள், ஆழ்கடலில் அது மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும், கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடும் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தான். ஒரு சொல் பிழைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"மகன், நீ கடற்கரையில நிக்கிறாய். கடல் திடீரெண்டு வத்திப் போய் அடித்தரை தெரியுது. என்ன செய்வாய்?"

"போனை எடுத்துக்கிட்டு ஓடிப்போய்ப் படம் எடுப்பன் மாமி" என்றான், ஒரு கணமும் யோசிக்காமல்.

அவன் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்து போன ஒழுங்கை அது. அவன் அப்போது பிறந்திருக்கவில்லை. அவனுடைய வாப்பா அன்று மாமரத்தில் ஏறித் தப்பியவர். ஆனால் அந்த நாளைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறப்பதில்லை. ஆக, மகனிடம் சுனாமியின் வேகம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, ஜப்பானியப் பெயரும் இருக்கிறது. வாப்பாவின் மாமரம் மட்டும் இல்லை.

அன்றிரவு அவனுக்கு நான் சொன்ன கதையைத்தான் வாசக சகோதரிகளுக்கும் சொல்லப் போகிறேன். இது எங்கள் நாட்டுக் கதையல்ல. இந்தோனேஷியாவில் சுமாத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. கராம்பு விளையும் தீவு. மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கடலோடும் தோட்டத்தோடும் வாழ்பவர்கள். 1907 ஜனவரி 4 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே நிலம் கடுமையாக அதிர்ந்தது. அதிர்வு ஓய்ந்த சிறிது நேரத்தில் கடல் பின்வாங்கி அடித்தரை தெரிந்தது. பவளப் பாறைகளுக்கிடையே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வலை வேண்டாம், தோணி வேண்டாம், குனிந்து பொறுக்கினால் போதும். ஜனங்கள் கூடைகளோடு இறங்கினார்கள். அப்போதுதான் கடல் திரும்பி வந்தது. பெருந்தொகையானோர் மாண்டு போயினர்.

எஞ்சியவர்கள் அந்த அலைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஸ்மோங். அவர்கள் கல்லில் எதையும் வெட்டி வைக்கவில்லை, புத்தகம் எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். பெரியவர்கள் சிறுவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லும் இத்தகைய பழங்கதைக்கு அங்கே நஃபி-நஃபி என்று பெயர். நிலம் பலமாக அதிர்ந்தால், கடல் வற்றினால், நிற்காதே, மலைக்கு ஓடு. கதையின் சாரம் இவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அவர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்கு. இப்படியே 97 வருடங்கள் போயின.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அங்கே காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நிலம் மறுபடி அதிர்ந்தது. அதிர்வின் மையத்துக்கு மிக அருகே இருந்த மக்கள் வாழும் தீவுகளில் சிமெலுவேயும் ஒன்று. வடகரையில் லாங்கி என்ற கிராமத்துக்கு அலை வந்து சேர எட்டு நிமிடம்தான் எடுத்தது என்று பின்னர் சென்று விசாரித்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எட்டு நிமிடத்தில் எந்த வானொலி அறிவிக்கும்? எந்தச் சங்கு ஊதும்? "ஸ்மோங்! ஸ்மோங்!" என்ற கூச்சல் மட்டும் வீட்டுக்கு வீடு தாவியது. கிழவர்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். வீடுகள் அடியோடு போயின. ஆனால் லாங்கியில் இருந்த சுமார் 800 பேரில் ஒருவரும் சாகவில்லை. முழுத் தீவிலும் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தனர். இறந்தவர்கள் ஏழு பேர்.

அதே ஆச்சே மாகாணத்தின் பெருநிலப் பகுதியில் மாண்டோரும் காணாமற் போனோரும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அவர்களும் அதே கடலோரத்து மக்கள்தாம், அதே அதிர்வை உணர்ந்தவர்கள்தாம். ஆச்சே மொழியிலும் இப்படிப்பட்ட அலைக்கென்று ஒரு பழஞ்சொல் இருந்ததாம். சொல் எஞ்சியிருந்தது, அதற்குரிய கதை எப்போதோ அறுந்துவிட்டது. சிமெலுவே மக்களுக்கு 2005 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சசகாவா விருது கிடைத்தது. விருது மேடையில் அந்தக் கதை சொன்ன கிழவிகளும் கிழவர்களும் இருக்கவில்லை. அவர்கள் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மருமகன் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "மாமி, அவங்க ஏன் மீன் பொறுக்கப் போனாங்க? பயமில்லையா?"

கதையின் உயிர் அந்த மீனில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பாடப்புத்தகம் கடலைப் பற்றிச் சொல்கிறது. அலை எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்கிறது. அந்த அலையின் முன் நிற்கும் மனிதன் என்ன செய்வான் என்று அது சொல்வதில்லை. கதையோ மனிதனைப் பற்றிச் சொல்கிறது. ஆபத்து வரும்போது அது ஆபத்தின் முகத்தோடு வருவதில்லை. கை நிறைய மீனாக, கண்கொள்ளாத காட்சியாக, இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றாக வருகிறது. மனிதனும் பயந்து ஓடமாட்டான். பக்கத்து வீட்டுக்காரன் இறங்குகிறானா என்று பார்ப்பான், அவன் இறங்கினால் தானும் இறங்குவான். சிமெலுவேப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது கடலைப் பற்றிய எச்சரிக்கையைவிட, தங்களைப் பற்றிய எச்சரிக்கையை. அன்றைக்கு மீன், இன்றைக்குக் கைத்தொலைபேசி.

பாடசாலையால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது பிரித்தானியச் சிறுமி, கடல் நுரைத்து விசித்திரமாக ஏறி வருவதைக் கண்டு கத்தினாள். அவள் நின்ற கடற்கரையே காலி செய்யப்பட்டது. இரண்டு வாரத்துக்கு முன்தான் புவியியல் பாடத்தில் படித்திருந்தாள். ஆனால் அவளுடைய ஆசிரியர் வரைவிலக்கணம் எழுதிப் போட்டதோடு நிற்கவில்லை. 1946 இல் ஹவாய்த் தீவை அலை தாக்கிய படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார். அதுவும் ஒருவகையில் கதைதானே!

எங்களிடம் கதை இருக்கவில்லையா? இருந்தது. களனி திஸ்ஸ மன்னன் குற்றமற்ற பிக்குவைக் கொன்றதால் கடல் பொங்கி ஊருக்குள் வந்ததையும், அவனுடைய மகள் படகில் ஏற்றி அனுப்பப்பட்டதையும் மகாவம்சம் சொல்கிறது. விகாரமகாதேவியின் அந்தக் கதையைப் பாடசாலையில் நாங்களும் படித்திருக்கிறோம். ஆனால் அது கடல் ஏன் வந்தது என்று சொல்லும் கதை. தவறிழைத்த அரசன், சீற்றம் கொண்ட கடல், தியாகம் செய்த மகள். கடல் வரும்போது கரையில் நிற்கும் சாதாரண ஜனம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற பேச்சு அதில் இல்லை. 1883 ஓகஸ்டில் இந்தோனேஷியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கித் திரும்பியது ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஏட்டில் ஏறியது, எங்கள் உம்மும்மாமாரின் வாயில் ஏறவில்லை.

2004 க்குப் பின்னரும் நாங்கள் "ஏன் வந்தது" என்றுதான் அதிகம் பேசினோம். பாவத்தின் தண்டனையா, சோதனையா என்ற விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. அது பேச வேண்டிய விடயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சின் நடுவே, யார் எப்படித் தப்பினார், யார் எந்த இடத்தில் பிந்தினார் என்ற பேச்சு அமுங்கிப் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிமெலுவேக் கதையை அப்படியே தூக்கி வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதாது. அங்கே நிலம் ஆளை விழுத்தும் அளவுக்கு அதிர்கிறது. அதுவே முதல் அறிவிப்பு. எங்களுக்கோ அந்த அதிர்வு சுமார் 1,600 கிலோமீற்றருக்கு அப்பால். பெரும்பாலானோர் எதையும் உணரவில்லை. அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அன்று போயா விடுமுறை வேறு, ஞாயிற்றுக்கிழமை வேறு. அது மட்டுமா? கடலடித் தரை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்ததால், கிழக்கே தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது. மேற்கே எங்கள் பக்கம் முதலில் வந்தது ஏறும் நீர். அது வடிந்த பிறகுதான் பல இடங்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. களுத்துறைக் கரையில் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்துக்குக் கடலடி வெளித்திருப்பதைக் காலை பத்து மணிக்குப் பின் செய்மதி எடுத்த படம் காட்டுகிறது. வந்த நீர் போய்விட்டது, இனி என்ன என்று பார்க்கப் போனவர்களுக்குத்தான் பேராபத்து காத்திருந்தது.

பெரலியவில் நடந்ததை மறக்க முடியுமா? கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற சமுத்திர தேவி புகையிரதத்தை முதல் நீர் வழியில் நிறுத்தியது. அப்பாரமான இரும்புப் பெட்டிகளைக் கண்ட ஊர் ஜனங்கள் அதையே பாதுகாப்பு என்று நம்பிப் பிள்ளைகளை உள்ளே ஏற்றினார்கள். சிலர் கூரையில் ஏறினார்கள், சிலர் மறைவில் நின்றார்கள். பின்னர் வந்தது பெரிய அலை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் அந்த ஓரிடத்தில் மாண்டனர். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நானாக இருந்தாலும் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியில்தான் ஏற்றியிருப்பேன். முதல் நீர் வந்து ஓய்ந்தால் ஆபத்து முடிந்தது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. எங்கள் கரையின் கதைக்கு மீன் பொறுக்கியது போதாது. முதல் அலை கடைசி அலையல்ல என்ற வாக்கியம் அதில் இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது என் உம்மும்மாவின் நினைவு வருகிறது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! தகரம் பறந்தது, தென்னைகள் முறிந்தன எல்லாம் சொல்வார். ஆனால் கதை ஓரிடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "காத்து நிண்டுட்டு மகள். இலை அசையல்ல. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு கதவத் திறந்து வெளிய போனாங்க, மாட்டப் பார்க்க, தகரத்தப் பொறுக்க. உங்கட மூத்தவாப்பா மட்டும் விடல்ல, கதவுக்கு முன்னால குந்திட்டாரு. கொஞ்ச நேரம்தான். மத்தப் பக்கத்தால வந்துது பாரு காத்து..."

சூறாவளிக்கு நடுவில் கண் என்று ஓர் அமைதியான இடம் உண்டு, அது கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும் என்று வெகுகாலத்துக்குப் பின் படித்தேன். படித்தபோது புதிதாகத் தோன்றவில்லை. கதவின் முன்னால் குந்தியிருந்த மூத்தவாப்பா ஏற்கனவே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். உம்மும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டுபோன அந்தக் காற்றின் வேகம் என்னவென்றும் தெரியாது.

இனிப் பெண்களாகிய எங்களைப் பற்றி. இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுனாமியில் இறந்தனர். அந்த மாவட்டத்து முகாம்களில் இருந்த குடும்பங்களை விசாரித்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருக்கப் பெண்களில் 17.5 பேர் இறந்ததாகக் கூறுகிறது. இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த நேரத்தில் வீட்டினுள் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்பதும் அதில் உண்டு. இலக்கம் இவ்வளவுதான் சொல்லும். அந்த வீட்டினுள் என்ன நடந்தது என்பதைக் கதைதான் சொல்ல வேண்டும்.

நான் கேட்ட கதைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். சத்தம் கேட்டுப் படலை வரை ஓடி வந்தவள், தலைக்குத் துணி இல்லையே என்று திரும்பி உள்ளே போனாள். இன்னொருத்தி அலுமாரியில் இருந்த மகளின் சீதன நகையை எடுக்கப் போனாள். இன்னொருத்தி கடைக்குப் போன கணவன் வரட்டும் என்று வாசலில் நின்றாள், அவரைக் கேளாமல் வீட்டை விட்டுப் போய்ப் பழக்கமில்லை. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளை இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாவது பிள்ளையைத் தேடினாள். மரமேறவும் நீந்தவும் எவருக்கும் யாரும் பழக்கியிருக்கவில்லை. உயிர் போகும் வேளையில் முக்காடு தேட வேண்டியதில்லை என்பதை எங்கள் ஊர் மௌலவிமார் எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதை முன்கூட்டியே யாராவது அவளிடம் சொல்லியிருந்தார்களா? அந்தக் கணத்தில் யோசித்துத் தீர்மானிக்க நேரம் இருக்காது. ஏற்கனவே கேட்டு, மனதுக்குள் ஒருமுறை ஓடிப் பார்த்திருந்தால்தான் கால் தானாக ஓடும்.

இந்தக் கதைகளை ஏன் சொல்லாமல் வைத்திருக்கிறோம்? மவுத்தானவர்களைப் பற்றிக் குறை சொன்னதாகிவிடும் என்ற கூச்சம் ஒரு காரணம். பிள்ளைகள் பயந்துவிடும் என்பது மற்றது. முதலாவதை நான் மதிக்கிறேன். பெயரும் வீடும் இல்லாமல் சொல்லலாம். சிமெலுவேக் கதையில் மீன் பொறுக்கப் போனவர்களுக்கும் பெயர் இல்லை. இரண்டாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடித் தப்பும் வழியோடு முடியும் கதை பிள்ளையைப் பயமுறுத்துவதில்லை. வழியில்லாமல் அழுகையோடு நின்றுவிடும் கதைதான் பயமுறுத்தும். வருடாவருடம் டிசம்பர் 26 இல் துஆ ஓதிக் கலையும்போது நாங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை.

ஓடியும் அலை வராவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல், சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. இங்கே எச்சரிக்கை வந்தது; கரையோர ஊர்கள் பிள்ளைகளோடு வயற்பக்கம் ஓடின. அந்த முறை கடலடித் தரை மேலெழவில்லை, பக்கவாட்டில்தான் நகர்ந்தது; அதனால் பெரிய அலை எழவில்லை. மாலையில் திரும்பி வந்தபோது சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். "இனி ஓடமாட்டேன்" என்று சபதம் போட்டவர்களும் உண்டு. வெறும் அறிவிப்பை நம்பி ஓடியவனுக்கு ஒருமுறை ஏமாந்தால் நம்பிக்கை போய்விடும். கதை கேட்டு வளர்ந்தவனுக்கு அப்படியல்ல; ஓடிவிட்டுச் சும்மா திரும்பி வருவது அவனுக்கு வெட்கமில்லை. 2005 மார்ச் 28 இரவு 8.6 அளவில் மறுபடி அதிர்ந்தபோது சிமெலுவே மக்கள் மறுபடியும் மேட்டுக்கு ஏறினார்கள். முன்னைய அலையின் சேறு அப்போது காய்ந்திருக்குமோ என்னவோ.

மருமகனின் கதைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்களுக்கு மலை இல்லையே மாமி, எங்க ஓடுற?" என்றான். நியாயமான கேள்வி. எங்கள் கரை தட்டையான மணல். பாடசாலையின் மாடிக் கட்டடம் இருக்கிறது, அதற்கப்பால் பிரதான வீதி, அதற்கும் அப்பால் வயல். "நடந்து பார்ப்பம் வா" என்றேன்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அவனும் நானும் அவன் தங்கச்சியும் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். அவன் போனில் நேரம் பார்த்துக்கொண்டே வந்தான். தங்கச்சிக்கு ஆறு வயது. பாதி வழியில் செருப்பு கழன்றது, நின்று போட்டுக்கொண்டாள். பாடசாலைப் படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போகப் பதின்னான்கு நிமிடம். மாலை நேரம் என்பதால் வெளிக் கேற் பூட்டியிருந்தது. காவலாளி வந்து திறந்த நேரமும் இதில் அடக்கம். திரும்பி வரும் வழியில் அரிசி ஆலை ஒழுங்கையால் வந்து பார்த்து, "இதால போனா மூணு நிமிஷம் குறையும்" என்றான்.

வீட்டு வாசலில் தம்பி கதிரை போட்டு இருந்தான். மகன் ஓடிப்போய்க் கணக்கைச் சொன்னான். தம்பி நெடுநேரம் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அரிசி ஆலை ஒழுங்கையால போகாத. அண்டைக்கு அந்தப் பக்கத்தாலயும்தான் தண்ணி வந்துது" என்றான். பிறகு கதிரையை மகன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமரத்தில் ஏறிய கதையைச் சொல்லத் தொடங்கினான். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி கேத்திலைக் கையில் வைத்தபடியே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவளும் இதற்கு முன் அதைக் கேட்டதில்லையாம்.